பழைய கூடைப்பந்து கேம் புதிய கம்ப்யூட்டரில் ஓடுமா?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொடைக்கானலில் கூடைப்பந்து மைதானம் காய்வதே அபூர்வம். மழை விட்டால் மூடுபனி இறங்கிவிடும். இந்தப் பக்க வளையத்தின் கீழ் நின்றால் அந்தப் பக்க வளையம் தெரியாது. பழனி மலையில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கும் ஊரில் இதெல்லாம் சகஜம்தான். சிறு வயதில் நாங்கள் அந்தப் பனியிலும் ஆடியிருக்கிறோம். இப்போது எனக்கு 61 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. நடக்கலாம், குதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குதிக்காமல் கூடைப்பந்து ஏது?

சென்ற மழைக்காலத்தில் அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவில் பழைய சி.டி. ஒன்று கிடைத்தது. 'என்.பி.ஏ. ஜாம் டோர்னமென்ட் எடிஷன்'. சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மைத்துனர் 1996ல் வாங்கி வந்த ஒரிஜினல் சி.டி. அதைப் புதிய கம்ப்யூட்டரில் போட்டேன். இந்தப் புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் இயங்காது என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது.

"மாமா, இவ்வளவு பழசை எல்லாம் விண்டோஸ் 11 எடுக்காது. விட்டுடுங்க" என்றான் மதுரையில் இருந்து வந்திருந்த என் தங்கை மகன். நான் விடவில்லை. அதில் கற்றுக் கொண்டதைத்தான் இங்கே தருகிறேன். உங்களிடமும் இதுபோல் பழைய கேம் சி.டி. இருந்தால், எந்த விளையாட்டாக இருந்தாலும், இந்த வழி உதவும்.

அது என்ன கேம்?

அமெரிக்காவின் மிட்வே நிறுவனம் 1993ல் காசு போட்டு ஆடும் மெஷினாக வெளியிட்டது என்.பி.ஏ. ஜாம். வடிவமைத்தவர் மார்க் டர்மெல். டாஸ் கம்ப்யூட்டர்களுக்கான டோர்னமென்ட் எடிஷன் 1995ல் வந்தது. அணிக்கு ஐந்து பேர் இல்லை, இரண்டு பேர்தான். பவுல் கிடையாது, எதிராளியைத் தள்ளிவிடலாம். வீரர்கள் வளையத்திற்கு மேலே பல அடி பறந்து பந்தைத் திணிப்பார்கள். ஒரே வீரர் தொடர்ந்து மூன்று கூடை போட்டால், எதிரணி இடையில் கூடை போடாதிருந்தால், அவர் கையில் உள்ள பந்து தீப்பற்றி எரியும்! அதன் பிறகு அவர் எறிவது பெரும்பாலும் உள்ளே விழும். எதிரணி ஒரு கூடை போட்டதும் தீ அணைந்துவிடும்.

இதெல்லாம் வேடிக்கை என்று நினைக்க வேண்டாம். கூடைப்பந்து ஆடியவர்களுக்கு அந்தத் தீ தெரியும். சில நாட்களில் எறிவதெல்லாம் விழும். அந்த அனுபவத்தைத்தான் கேமாக்கியிருக்கிறார்கள்.

இன்னொரு சுவையான செய்தி. டர்மெல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் ரசிகர். சிகாகோ புல்ஸ் அணி பிஸ்டன்ஸை எதிர்த்து நெருக்கமான ஆட்டத்தில் கடைசி நொடியில் எறிந்தால் தவறும்படி மெஷினில் ரகசியமாக எழுதி வைத்ததாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். புரோகிராம் எழுதுபவரும் ரசிகர்தானே!

ஏன் ஓடவில்லை?

விண்டோஸுக்கு முன்பு இருந்தது டாஸ். டாஸ் புரோகிராம்களை இயக்கித் தரும் பகுதி 32 பிட் விண்டோஸில் மட்டும்தான் இருந்தது. 64 பிட் விண்டோஸில் அது இல்லை. விண்டோஸ் 11 வெளிவருவதே 64 பிட் பதிப்பில் மட்டும்தான். எனவே உங்கள் சி.டி.யிலும் பழுதில்லை, கம்ப்யூட்டரிலும் பழுதில்லை. இரண்டிற்கும் பொது மொழி இல்லை, அவ்வளவுதான்.

இதற்குத் தீர்வு டாஸ்பாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேர். 2002 முதல் கிடைக்கிறது. இது உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டர் போல நடிக்கும். அந்தக் கால சவுண்ட் கார்டு போலவும் நடிக்கும். கேம் ஏமாந்து போய் ஓடத் தொடங்கும்.

எப்படி அமைப்பது?

1. முதலில் சி.டி.யைப் பாருங்கள். மலை ஊர்களில் ஈரத்தால் பூஞ்சை பிடிக்கும். சிறிது சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியால் நடுத் துளையில் இருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். லேப்டாப்பில் சி.டி. டிரைவ் இல்லை என்றால் யு.எஸ்.பி.யில் செருகும் டிரைவ் வாங்கிக் கொள்ளலாம்.

2. டாஸ்பாக்ஸை அதன் சொந்த இணைய தளத்தில் இருந்து மட்டும் டவுண்லோட் செய்திடுங்கள். 0.74-3 என்ற பதிப்பு 2019ல் வந்தது. பணம் கேட்டாலோ, கூடவே வேறு எதையாவது இன்ஸ்டால் செய்யச் சொன்னாலோ அது தவறான தளம். உடனே வெளியேறுங்கள்.

3. சி டிரைவில் 'கேம்ஸ்' என ஒரு போல்டர் உருவாக்குங்கள். டாஸ்பாக்ஸைத் திறந்தால் கறுப்புத் திரை வரும். மவுண்ட் என்ற கட்டளை, இடைவெளி, சி என்ற எழுத்து, இடைவெளி, அந்த போல்டரின் முழு முகவரி என ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். இனி அந்த போல்டர்தான் டாஸ்பாக்ஸின் சி டிரைவ். சி.டி. டிரைவையும் இப்படியே மவுண்ட் செய்து, வரியின் இறுதியில் ஒரு சிறு கோடும் டி என்ற எழுத்தும் போட்டு, இடைவெளி விட்டு 'சிடிராம்' என்று சேர்த்திடுங்கள்.

4. சி.டி.யில் உள்ள இன்ஸ்டால் அல்லது செட்அப் பைலை இயக்குங்கள். சவுண்ட் கார்டு எது என்று கேட்டால் சவுண்ட் பிளாஸ்டர் 16 எனத் தேர்ந்தெடுங்கள். முகவரி 220, ஐ.ஆர்.க்யூ. 7, டி.எம்.ஏ. 1. டாஸ்பாக்ஸில் இயல்பாக இருப்பவை இந்த எண்கள்தான்.

5. ஆல்ட், என்டர் கீகளைச் சேர்த்து அழுத்தினால் முழுத் திரை கிடைக்கும். கேம் சிக்கிக் கொண்டால் கன்ட்ரோலும் எப்9 கீயும் சேர்த்து அழுத்தி மூடிவிடலாம்.

வேகம்தான் முக்கியம்

கேம் ஓடியது. ஆனால் படம் திக்கித் திக்கி வந்தது. நான் எறிந்த பந்து ஒன்றும் விழவில்லை. பத்து எறிந்தால் ஒன்பது தவறியது. வயதாகிவிட்டது, விரலும் முழங்காலைப் போல ஆகிவிட்டது என்று மனது கொஞ்சம் சோர்ந்தது.

பிறகுதான் காரணம் புரிந்தது. இந்த கேமில் எறியும் பட்டனை அழுத்தினால் வீரர் எழும்புவார். விட்டால் பந்து கையை விட்டுப் போகும். எழும்பி உச்சியில் நிற்கும் கணத்தில் விட்டால்தான் குறி சரியாக இருக்கும். மைதானத்திலும் இதையேதான் சொல்லிக் கொடுப்பார்கள். திரையே தாமதமாக வந்தால் உச்சி எது என்று கண்ணுக்கு எப்படித் தெரியும்?

டாஸ்பாக்ஸ் எவ்வளவு வேகமான கம்ப்யூட்டராக நடிக்க வேண்டும் என்பதை நாம் கூட்டலாம், குறைக்கலாம். கன்ட்ரோலுடன் எப்12 அழுத்தினால் வேகம் கூடும். எப்11 அழுத்தினால் குறையும். ஒவ்வொரு தடவையும் இயல்பாகக் கூடுவது 10 சதவீதம், குறைவது 20 சதவீதம். விண்டோவின் தலைப்பில் 'சைக்கிள்ஸ்' என்ற எண் மாறுவதைக் காணலாம். சில லேப்டாப்களில் எப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

நான் ஆவலில் எப்12ஐ அழுத்திக் கொண்டே போனேன். படம் சீரானது. இன்னும் கூட்டியதும் சத்தம் கரகரத்தது. நடிப்பதற்கே என் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது! நான்கைந்து முறை எப்11 அழுத்திக் குறைத்ததும் எல்லாம் சரியாயிற்று. அடுத்த ஆட்டத்திலேயே என் பந்து தீப்பற்றியது.

1980களின் கேம்களில் பிரச்னை தலைகீழாக வரும். 1981ல் வந்த ஐ.பி.எம். பிசியின் வேகம் 4.77 மெகா ஹெர்ட்ஸ்தான். அந்த வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதிய கேம்கள் பல உண்டு. வேகமான கம்ப்யூட்டரில் அவை கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அவற்றிற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

விரலுக்கும் ஒரு சொல்

இரண்டு பேர் ஒரே கீ போர்டில் ஆடினால் சில சமயம் அழுத்திய கீ வேலை செய்யாது. பல சாதாரண கீ போர்டுகள் ஒரே நேரத்தில் மூன்று நான்கு கீகளைச் சேர்த்து அழுத்தும்போது சிலவற்றைக் கவனிப்பதில்லை. ஒருவராவது யு.எஸ்.பி. கேம் பேட் பயன்படுத்துங்கள். அதைச் செருகிய பிறகே டாஸ்பாக்ஸைத் திறக்க வேண்டும். ப்ளூடூத் ஹெட்போன் போட்டால் சத்தம் சற்றுப் பின்தங்கி வரலாம், வயர் ஸ்பீக்கர் நல்லது.

சி.டி. இல்லாதவர்கள் என்ன செய்வது? 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளம் 2015ல் ஏறத்தாழ 2,400 டாஸ் கேம்களை பிரவுசரிலேயே ஆடும்படி தந்தது. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். கண்ட கண்ட தளங்களில் பழைய கேம் இலவசம் என்று அழைப்பார்கள். பழையது என்பதால் உரிமை போய்விடாது. வைரஸும் கூடவே வரலாம்.

மழையும் கூடைப்பந்தும்

ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்ததே, குளிர்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்கள் உள்ளே ஆடுவதற்காகத்தான். வெளியே மழை பெய்ய, வீட்டுக்குள் உட்கார்ந்து நான் ஆடுவதும் அந்த வழக்கப்படிதான்!

என் தங்கை மகன் முதல் இரண்டு நாள் அருகில் வரவில்லை. "என்ன மாமா, ஆளெல்லாம் கட்டம் கட்டமா இருக்காங்க" என்று சிரித்தான். மூன்றாம் நாள் கேம் பேடை எடுத்தான். ஏழு ஆட்டத்தில் ஏழும் தோற்றான். எட்டாவதில் அவசரப்படாமல் உச்சியில் பந்தை விட்டான், ஜெயித்தான். "நீங்க கோர்ட்டுலயும் இப்படித்தான் ஆடுவீங்களா?" என்று கேட்டான். நான் ஆடி அவன் பார்த்ததே இல்லை.

மலைக்குக் கீழே பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. கோடை இரவுகளில் மின்னொளியில் ஆட்டம் நடக்கும். வாலிபத்தில் காட்ரோடு, தேவதானப்பட்டி வழியாக பஸ் பிடித்துப் போய் விடிய விடியப் பார்த்துவிட்டு வருவேன். கால் போனதில் இருந்து போகவில்லை. ஆட முடியாதவன் பார்த்து என்ன ஆகப் போகிறது என்று ஒரு வீம்பு.

வரும் மே மாதம் அவன் என்னை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அதுவரை மழை பெய்யட்டும். உங்கள் வீட்டு டப்பாக்களையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.