மருந்து ஏறும் நாளில் நோன்பு

கடந்த ரமழானுக்கு முந்திய வாரம், வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்பதிவை என் சாச்சி எனக்குப் போட்டுக் காட்டினார். யாரோ ஒருவர் மிக உறுதியாகப் பேசுகிறார். நோன்பு பிடித்தால் புற்றுநோய்க் கலங்கள் பட்டினியால் செத்துவிடுமாம், கீமோவின் பக்கவிளைவுகள் வராதாம், இதைக் கண்டுபிடித்த ஜப்பானியருக்கு நோபல் பரிசே கிடைத்துவிட்டதாம். சாச்சிக்கு அப்போது மார்பகப் புற்றுநோய்க்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "நீ பயோ படிக்கிறதானே புள்ள, இது உண்மையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன். அந்தக் குரல்பதிவு எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்திருக்காது.

முதலில் கீமோதெரபி ஏன் இவ்வளவு படுத்துகிறது என்று பார்ப்போம். இம்மருந்துகளுள் பெரும்பாலானவை வேகமாகப் பிரியும் கலங்களைத் தாக்குபவை. புற்றுநோய்க் கலம் வேகமாகப் பிரிகிறது. ஆனால் முடியின் வேரிலும், வாய் முதல் குடல் வரையுள்ள உட்படையிலும், குருதிக் கலங்களை உண்டாக்கும் என்பு மச்சையிலும் உள்ள நல்ல கலங்களும் அப்படித்தான் பிரிகின்றன. மருந்துக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது. முடி கொட்டுவதும், வாய் புண்ணாவதும், வெண்குழியங்கள் குறைந்து சின்னக் கிருமிக்கே காய்ச்சல் வருவதும் இதனால்தான்.

நல்ல கலத்தை மட்டும் மருந்தின் கண்ணில் படாமல் ஒளித்துவைக்க முடியுமா? பட்டினி பற்றிய ஆராய்ச்சி இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது. உடலுக்கு உணவு வராதபோது முதலில் ஈரலில் சேமித்த கிளைக்கோசன் செலவாகிறது. பட்டினி நாட்கணக்கில் நீளும்போது இன்சுலினும், இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி ஒன்றும் குருதியில் குறைகின்றன. இது கலங்களுக்கு ஓர் அறிவித்தல் மாதிரி. நல்ல கலம் அதைக் கேட்டதும் பிரிவதை நிறுத்தி, பழுதுபார்க்கும் வேலையில் இறங்குகிறது. புற்றுநோய்க் கலத்திலோ விகாரமடைந்த பரம்பரையலகுகள் "பிரி, பிரி" என்று ஓயாமல் கட்டளையிடுவதால் அந்த அறிவித்தல் அதன் காதில் விழுவதில்லை. ஊரடங்குச் சட்டம் போட்டதும் நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறோம், சொல் கேளாதவன் மட்டும் தெருவில் நின்று பிடிபடுகிறான் அல்லவா, அதுபோலத்தான்.

இந்த எண்ணத்தை முன்வைத்தவர்களுள் முக்கியமானவர் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்ட்டர் லொங்கோ. 2008ஆம் ஆண்டு அவரது குழுவினர் சுண்டெலிகளுக்கு 48 முதல் 60 மணித்தியாலம் வரை தண்ணீர் மட்டும் கொடுத்து, பின்னர் எற்றோப்பொசைட் என்ற மருந்தை மிக அதிக அளவில் ஏற்றினார்கள். வழமைபோல் உண்ட சுண்டெலிகளில் பல இறந்தன. பட்டினியிருந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே பிழைத்தன. வாசித்தபோது எனக்கே உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சுண்டெலிக்கு இரண்டு நாள் பட்டினி என்பது மனிதனுக்கு இரண்டு நாள் பட்டினி போன்றதல்ல. அது தன் எடையில் பெரும் பங்கையே இழந்துவிடும்.

மனிதர்களிடம் வரும்போது கதை இவ்வளவு தெளிவாக இல்லை. 2009இல் பத்து நோயாளிகளின் அனுபவம் வெளியிடப்பட்டது. அவர்கள் தாமாகவே விரும்பிப் பட்டினியிருந்தவர்கள். களைப்பும் பலவீனமும் வயிற்று உபாதைகளும் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் தானே நம்பி ஒன்றைச் செய்தவரிடம் "நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பதை நாம் ஊகிக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழுவும் இருக்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க முயன்ற ஆய்வு நெதர்லாந்தில் நடந்து 2020இல் வெளிவந்தது. மார்பகப் புற்றுநோயுள்ள 131 பெண்கள் இரண்டு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மருந்து ஏற்றுவதற்கு முந்திய மூன்று நாளும் மருந்து ஏறும் நாளும் சூப், தேநீர் போன்ற மிகக் குறைந்த கலோரியுள்ள தாவர உணவை மட்டும் உண்டார்கள். முழுப் பட்டினி கடினம் என்பதால் பட்டினியைப் போல நடிக்கும் உணவு இது. கடுமையான பக்கவிளைவுகளில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் உணவைக் குறைத்தவர்களுக்கு, வாந்தியைத் தடுக்க வழமையாகக் கொடுக்கும் டெக்சாமெதசோன் கொடுக்கப்படவில்லை. அது இல்லாமலே மற்றவர்களுக்குச் சமமாகத் தாக்குப்பிடித்தார்கள் என்றும் பார்க்கலாம். ஸ்கேனில் கட்டி சுருங்கியதும் இந்தப் பிரிவில் கூடுதலாகவே தெரிந்தது. அப்படியானால் வெற்றியா? நான்கு தடவையாவது அந்த உணவைக் கடைப்பிடித்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. மற்றவர்களுள் பலருக்கு அந்தச் சாப்பாடு பிடிக்காமல் போய்விட்டது. கீமோ வாயின் ருசியையே மாற்றிவிடும் என்பதைச் சாச்சியைப் பார்த்த பிறகு, அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நோபல் பரிசுக் கதைக்கு வருவோம். யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது உண்மை. கலம் தன் பழுதடைந்த பாகங்களைத் தானே உடைத்து மீண்டும் பயன்படுத்தும் முறையை அவர் ஆராய்ந்தார். அதை அவர் கண்டது போசணை கிடைக்காத மதுவக் கலங்களில், அதாவது பாணுக்குப் போடும் ஈஸ்டில். ரமழான் நோன்பையோ புற்றுநோயாளரையோ அவர் ஆராயவில்லை. அதுமட்டுமல்ல, வளர்ந்துவிட்ட புற்றுநோய்க் கலங்களும் இதே முறையால் பிழைத்துக்கொள்வதுண்டு. நம் மார்க்கத்துக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்து இப்படிச் செய்திகளைப் பரப்புகிறவர்கள், கேட்பவர் ஒரு நோயாளியாக இருக்கலாம் என்று நினைப்பதில்லை.

குரல்பதிவில் சொல்லப்படாத முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஆய்வில் இருந்த பட்டினியும் நாம் பிடிக்கும் நோன்பும் ஒன்றல்ல. ஆய்வுகளில் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். நமது நோன்பில் ஒரு மிடறும் இல்லை. ஆய்வுகளில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து உணவு குறைகிறது. இலங்கையில் நோன்பு ஏறக்குறைய 13 1/2 மணித்தியாலம். பிறகு கஞ்சி, பேரீச்சம்பழம், ரோல்ஸ், சமோசா, பலூடா. வளர்ச்சிக் காரணி நன்றாகக் குறைவதற்குள் நாம் மஃரிபுக்கு நோன்பு திறந்துவிடுகிறோம். ஆக, பட்டினியால் கிடைக்கக்கூடும் என்று சொல்லப்படும் நன்மை கைக்கு வராமல், தாகத்தின் தீமை மட்டும் வந்து சேரும்.

அந்தத் தீமை சிறியதல்ல. சிஸ்பிளாற்றின் என்ற மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனால் அதோடு சேலைனும் ஏற்றி, நிறையக் குடிக்கச் சொல்வார்கள். சைக்குளோபொஸ்பமைட்டின் கழிவு சிறுநீர்ப்பையில் தங்கினால் அதைப் புண்ணாக்கும், தண்ணீர் குடித்து வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கபெசிற்றபைன் குளிசையைக் காலையும் மாலையும் சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும். ஏற்கெனவே மெலிந்தவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடும். ஐரோப்பிய மருத்துவப் போசணைச் சங்கத்தின் வழிகாட்டலும், போசணைக் குறைவுள்ள புற்றுநோயாளர்கள் உணவைக் குறைக்கும் முறைகளைப் பின்பற்றக் கூடாது என்றே சொல்கிறது.

இவ்வளவையும் சொன்னபோது சாச்சி பேசாமல் இருந்தார். பிறகுதான் விளங்கியது, அவருக்குப் பக்கவிளைவு பெரிய கவலையாக இருக்கவில்லை. பதினொரு வயதிலிருந்து விடாமல் பிடித்த நோன்பு. எல்லாரும் சஹருக்கு எழும்பும்போது தான் மட்டும் படுத்திருப்பதா என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தக் குரல்பதிவு அவருக்கு ஒரு சாட்டாகக் கிடைத்திருக்கிறது. உம்மும்மாதான் சூறதுல் பகராவை எடுத்து, நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்று வரும் இடத்தைக் காட்டினார். அது 184ஆம் வசனத்திலும் 185ஆம் வசனத்திலும் இரண்டு தடவை வருகிறது. குணமாகும் நம்பிக்கை இல்லாதவருக்கு, ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் பித்யா இருக்கிறது. சாச்சிக்கு அது தேவைப்படாது என்று உம்மும்மா அன்றே சொல்லிவிட்டார்.

அடுத்த கிளினிக்கில் சாச்சி வைத்தியரிடமே கேட்டார். சிகிச்சை முடியும்வரை வேண்டாம், முடிந்து குருதிப் பரிசோதனை சரியாக வந்தபின் பார்ப்போம் என்று சொன்னாராம். அந்த ரமழானில் சாச்சி சஹருக்கு எழும்பி எங்களுக்குச் சோறு போட்டார், பகலில் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் குடித்தார். சிகிச்சை முடிந்து இப்போது ஐந்து மாதம். வைத்தியர் அனுமதித்த பிறகு திங்களும் வியாழனும் களா நோன்பு பிடிக்கிறார். குசினிக் கலண்டரில் பென்சிலால் போட்ட முப்பது வட்டங்களில் இன்னும் பதினொன்று வெட்டப்படாமல் இருக்கின்றன.