மேற்கே மேடு, கிழக்கே பள்ளம்

காலை பத்து மணிக்கு வேப்பமரத்தடியில் நிறுத்திய கார், சாயங்காலம் நாலு மணிக்கு 25 மீட்டர் உயரம் ஏறியிருந்தது. வண்டியை யாரும் தொடவில்லை. டேஷ்போர்டில் புதிதாக ஒட்டியிருந்த கருவி மட்டும் அப்படிச் சொன்னது. ராத்திரி சாவியைத் திருகிப் பார்த்தேன், எண் மறுபடி இறங்கியிருந்தது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று நாள் நேரம் போட்டு நோட்டில் குறித்த பிறகே விஷயம் பிடிபட்டது. கருவி சரியாகத்தான் இருக்கிறது. செங்கல்பட்டின் மேல் நிற்கும் காற்றுதான் தினமும் இரண்டு முறை கனத்து, இரண்டு முறை இளைக்கிறது.

உள்ளங்கையில் அடங்கும் திரை அது. வண்டி எந்தத் திசையைப் பார்க்கிறது, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இரண்டே சேதி சொல்லும். மலையேறுவதற்கென்று வரும் ஜீப் வகை வண்டிகள் சிலவற்றில் இது கம்பெனியிலிருந்தே வருகிறது. என்னுடையது சாதாரணக் கார் என்பதால் வெளியே வாங்கி மாட்டினேன்.

உயரமானி உயரத்தை அளப்பதே இல்லை. காற்றின் அழுத்தத்தை அளந்து, அதை உயரமாக மாற்றிச் சொல்கிறது. மேலே போகப் போக நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறையும், அழுத்தமும் குறையும். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில் ஒரு மில்லிபார் குறைந்தால் சுமார் எட்டரை மீட்டர் ஏறிவிட்டதாகக் கணக்கு. ஆனால் அழுத்தம் இறங்குவதற்கு மேட்டில் ஏறத்தான் வேண்டும் என்பதில்லை. கடலுக்கு ஓதம் இருப்பது போலக் காற்றுக்கும் ஓதம் உண்டு. கடலோதத்தில் நிலாவின் கை ஓங்கியிருக்கும். காற்றோதம் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கும் சூரியனால் எழுவது. பூமத்திய ரேகைக்கு அருகே இது நன்றாகத் தெரியும். காலை பத்து மணி வாக்கிலும் இரவு பத்து மணி வாக்கிலும் அழுத்தம் உச்சம், பிற்பகல் நாலு மணிக்கும் விடியற்காலை நாலு மணிக்கும் குறைவு. நம் பக்கத்தில் பகலில் மட்டும் மூன்று மில்லிபார் அளவுக்கு இறங்கும். மூன்றை எட்டரையால் பெருக்கிப் பாருங்கள், வேப்பமரத்தடி மர்மம் தீர்ந்துவிடும்.

ஊட்டிக்குப் போகிறவருக்கு இந்த 25 மீட்டர் ஒரு பொருட்டில்லை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குப் போகிற நமக்கோ, மொத்த இறக்கமே சில பத்து மீட்டர்தான். அதனால் கிளம்பும்போது உயரத்தைச் சரியாக வைத்தே ஆக வேண்டும். எதை வைத்துச் சரிபார்ப்பது? ரயில் நிலையத்து மஞ்சள் பலகை இருக்கிறது. ஊர்ப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்திக் கருவியில் ஏற்றினேன். அந்தப் பலகைக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்து, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். இமயம் வரை போன மாபெரும் நில அளவைக்கு அதுதான் முதல் கோடு. சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட துறைமுகங்களில் கடல் ஏறி இறங்குவதைப் பார்த்துச் சராசரி எடுத்து, உயரக் கணக்குக்கான சைபரை நிர்ணயித்தது பிறகு நடந்தது.

ஜி.பி.எஸ்.ஸில் உயரம் காட்டும் கருவி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். அங்கே வேறு வேடிக்கை. செயற்கைக்கோள், பூமியை ஒழுங்கான முட்டை வடிவமாக எண்ணிக்கொண்டு உயரம் சொல்லும். உண்மையான கடலோ ஈர்ப்பு விசைக்கு ஏற்பப் புடைத்தும் குழிந்தும் கிடக்கிறது. உலகிலேயே மிக ஆழமான குழிவு இலங்கைக்குத் தெற்கே, சுமார் 106 மீட்டர். அதன் சரிவில்தான் நம் கடற்கரையும் இருக்கிறது. இந்தத் திருத்தம் போடாத மலிவுக் கருவி, மாமல்லபுரம் மணலில் நிற்கிறவரைக் கடல் மட்டத்துக்கு 80 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே நிற்பதாகக் காட்டும்.

திசைகாட்டியின் கதை வேறு. அதைப் பொருத்தித் தந்த எலெக்ட்ரீஷியன் தம்பி நல்ல வேலைக்காரர். "பேட்டரியில நேரா குடுக்க வேணாம் சார், நாலு நாள் வண்டிய எடுக்கலன்னா இறக்கிடும். சாவி போட்டா மட்டும் வர்ற லைன்ல ஃபியூஸ் போட்டுக் குடுத்துடறேன்" என்றார். எல்லாம் சரி, ஒட்டிய இடம்தான் தப்பு. மறுநாள் காலை திருக்கழுக்குன்றம் தாண்டி, எதிர்வெயில் கண்ணைக் கூச ஓட்டிக்கொண்டிருக்கிறேன், திரை மேற்கு என்றது. ஒரு சாண் தள்ளி மொபைல் ஹோல்டர் இருந்தது. போனைப் பிடித்து வைக்க அதற்குள் காந்தம். அதைக் கழற்றி, கருவியை ஸ்பீக்கரிலிருந்தும் தள்ளி, கண்ணாடியின் நடுப்பக்கம் மாற்றினேன். பிறகு ஏரிக்கரைத் திடலில் இரண்டு சுற்று மெதுவாக வட்டமடித்தேன். வண்டியின் இரும்பு எவ்வளவு இழுக்கிறது என்று அந்தச் சுற்றில்தான் கருவி கற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு பிசகவே இல்லை.

பிசகாததற்கு நம் மண்ணுக்கும் பங்குண்டு. காந்தக் கோடுகள் தரைக்குக் கிடையாக ஓடும் காந்த நடுக்கோடு, திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. 1963-ல் ராக்கெட் விட தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். லண்டனில் 60 பாகைக்கு மேல் தரைக்குள் சாயும் காந்தப்புலம், இங்கே கொஞ்சமாகத்தான் சாய்கிறது. திசை காட்டப் பயன்படும் கிடை விசை லண்டனைப் போல இரண்டு பங்கு கிடைக்கிறது. காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வித்தியாசமும் ஒன்றிரண்டு பாகைக்குள் அடங்கிவிடும்.

இரண்டும் சரியானபின் அதே சாலையில் மறுபடி போனேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வரை தென்கிழக்கு, அங்கிருந்து மாமல்லபுரம் வரை கிழக்கு, மொத்தம் 30 கிலோமீட்டர் சொச்சம். நடுவில் குன்றும் ஏரிக்கரையும் எண்ணைக் கொஞ்சம் தூக்கும். ஆனால் கிழக்கே போகப் போக அது இறங்கிக்கொண்டே வந்தது. அப்போதுதான் உறைத்தது. கிழக்கு என்ற சொல்லுக்குள் கீழ் இருக்கிறது, மேற்குக்குள் மேல். கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டியதைப் படித்திருக்கிறேன், பாடமாகத்தான் மனதில் இருந்தது. மலையாளிகளுக்கு மலை கிழக்கே இருக்கிறது. அவர்களும் அந்தத் திசையைக் கிழக்கு என்றே சொல்கிறார்கள். மேற்கை மட்டும் சூரியன் படிகிற பக்கமாக, படிஞ்ஞாறு என்று மாற்றிக்கொண்டார்கள். என் பாட்டி "மேலண்ட வீடு, கீழண்ட வீடு" என்று சொன்னபோது திசையையும் மட்டத்தையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறாள். இரண்டு கருவி செய்கிற வேலையை அவள் பேச்சு செய்தது.

இந்தக் கரையில் உயரமானியின் உண்மையான பயன் வேறு என்பது என் கட்சி. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. அப்படிப்பட்ட நாளில் நின்ற வண்டி ஏறும். பத்து மில்லிபார் இறங்கினால் 85 மீட்டர். பத்து மணி, நாலு மணிக் கணக்குக்கு அடங்காமல் எண் ஏறிக்கொண்டே போனால், வானிலை மையத்தின் அறிவிப்பை உடனே கேளுங்கள், வண்டியை மரத்தடியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, படகு ஏற்றி வைக்கும் மணலோரம் நிறுத்தினேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து ஜன்னல் வழியே பார்த்தார்.

"இன்னா தம்பி இது, ஜி.பி.எஸ்.ஸா?"

"இல்லீங்க ஐயா, திசை காட்டும். கடல் மட்டத்துல இருந்து உசரம் காட்டும்."

"உசரம் இன்னாத்துக்கு? எங்களுக்கு ஆழந்தான் கணக்கு." கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்குவதையும், அடியில் சேறா மணலா பாறையா என்று பிடித்த கைக்கே தெரிந்துவிடுவதையும் சொன்னார். "இப்ப எவ்ளோ காட்டுது?"

"நாலு மீட்டர்."

இரண்டு கையையும் அகல விரித்தார். ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம். கார் கதவோரம் நின்று ஒருமுறை, இன்னொருமுறை என்று மனதுக்குள் அளந்தார். "ரெண்டு பாகமும் கொஞ்சமும்" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார்.