சிறு பந்தயக் காரின் மோட்டாரும் டயரும்

உண்மைக் காரிற் பத்தில் ஒரு பங்கு அளவினதாய், மின்கலத்தால் ஓடி, பாதையோரத்தே நிற்பவன் கைக்கருவியினின்று எழும் ரேடியோ அலைக்கு அடங்கி வளையும் சிறு கார்களைக் கொண்டு பந்தயம் நிகழ்த்தும் வழக்கம் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேரூன்றியுள்ளது. இதனைப் பிள்ளை விளையாட்டென இகழ்வாரும் உளர். ஆயினும் இயந்திரநூலின் உண்மைகள் பல இதன்கண் கைக்கெட்டும் அளவிற் காணக்கிடக்கின்றன. இத்துறையிற் புதிதாய்ப் புகும் மாணவன் தன் சிறு பொருளை மோட்டாரிற் செலவிடுவதா, டயரிற் செலவிடுவதா என்னும் வினா எழுமிடத்து, டயரே முற்பட்டதென்பது எம் துணிபு. அதன் காரணத்தை ஈண்டு விளக்குவாம்.

மோட்டாரை முதற்கண் நோக்குவாம். இக்கார்களிற் பெரிதும் வழங்குவது 540 என்னும் அளவினது. பழைய வகையிற் சுருள் சுழல, கரித்துண்டுகள் உராய்ந்து அதற்கு மின்சாரம் ஊட்டும். கரி தேயுந்தோறும் வலி குன்றும். இந்நாட் பந்தய மோட்டாரிலோ காந்தமே சுழலும். சுருள் அசையாது நிற்கும். தேய்தற்குக் கரி இல்லை. அதன்மேற் காணும் 13.5, 17.5, 21.5 என்னும் எண்கள் சுருளின் சுற்றைக் குறிப்பன. சுற்றுக் குறையக் குறைய வேகம் மிகும். உடன் மின்சாரச் செலவும் வெப்பமும் மிகும். எண் பெரிதாயின் வேகமும் பெரிதெனக் கருதி மயங்குவார் பலர். சங்கங்கள் பல வகுப்புத்தோறும் இன்ன சுற்று மோட்டாரே வேண்டுமென விதித்துள்ளன. விதியை வினவாது வாங்கிய மோட்டார், விலை எத்துணை உயர்ந்ததாயினும், பெட்டியிலேயே உறங்க நேரும்.

மோட்டாரின் வலியைச் சக்கரத்துக்கு அளந்து தருவது பற்சக்கர விகிதம். ஜப்பானிய டாமியா நிறுவனத்தாரின் டிடி-02 என்னும் காரை எடுத்துக்கொள்வாம். அதன் சிறு பற்சக்கரத்துக்குப் பல் 22, பெரியதற்கு 70, உள்விகிதம் 2.6. எழுபதை இருபத்திரண்டால் வகுத்து 2.6 ஆற் பெருக்க, 8.27 வரும். அஃதாவது மோட்டார் 8.27 முறை சுழலச் சக்கரம் ஒருமுறை சுழலும். குறுக்களவு 64 மில்லிமீட்டர் உள்ள டயர் ஒரு சுற்றில் 201 மில்லிமீட்டர் செல்லுமாதலின், மோட்டாரின் ஒரு சுழற்சிக்குக் கார் ஏறக்குறைய 24 மில்லிமீட்டரே முன்னேறும். சிறு பற்சக்கரத்தின் பல்லைக் கூட்டினால் இத்தூரம் கூடும்; மோட்டாரின் பாரமும் கூடும். ஓட்டம் முடிந்தவுடன் மோட்டார் தொடவொண்ணாது கொதிக்குமாயின் ஒரு பல்லைக் குறைத்தல் வேண்டும். மிகுவெப்பத்தாற் காந்தத்தின் வலியே கெடும்.

இனி டயர். இத்துணை வலியும் தரையைச் சேர்வது நான்கு டயர்கள் தரையைத் தொடும் சிற்றிடங்களின் வழியாகவேயாம். அவை பற்றாவிடிற் சக்கரம் வீணே சுழலும்; வளைவிற் கார் புறத்தே வழுக்கும். வலிய மோட்டார் அந்நிலையிற் கேட்டையே மிகுவிக்கும். நேர்பாதையில் ஈட்டிய நொடி அடுத்த வளைவிற் பறிபோகும். ஓட்டுவோன் விசையைத் தளர்த்தியே செல்ல வேண்டியவனாவான்.

ரப்பர் டயரின் மென்மையை உற்பத்தியாளர் சிலர் 28, 32, 36 என்னும் எண்களாற் குறிப்பர். எண் சிறிதாயின் ரப்பர் மெலிது. எங்கும் மெலிதே நன்றெனல் பொருந்தாது. குளிர்ந்த தார்த்தரைக்கு 28 ஏற்கும். வெயிலிற் காய்ந்த தரையிலோ அதுவே மிகச் சூடேறி, 5 நிமிஷப் பந்தயத்தின் பிற்பாதியிற் பிடிப்பை இழக்கும். அங்கு 36 வேண்டும். கம்பளம் விரித்த உள்ளரங்கிற் பிடிப்பு மிகுந்து, கார் வளைவிற் கவிழ்தலும் உண்டு. அதனைத் தடுக்க டயரின் வெளிப்பக்கச் சுவரிற் பசை பூசிக் கடினப்படுத்துவர். டயரினுள் வைக்கும் நுரைத்திண்டின் கடினமும் பிடிப்பை மாற்றும்.

டயரையும் ஒரே வகையாக விதிக்கும் சங்கங்கள் பல. விதி இல்லாவிடத்து, அத்தரையில் வென்றோர் எதனைப் பூட்டினர் என வினவி அதனையே வாங்குதல் சிக்கனம். வாங்கியபின் டயரின் ஓரம் சக்கரத்தோடு முற்றும் ஒட்டியுள்ளதா எனப் பெருவிரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்து, பெயர்ந்த இடத்துப் பசையிட்டு, அது உலர்ந்தபின்னரே காரைத் தரையில் விடுக.