பிளாஸ்டிக்கிற்கும் வயதாகும்

பிளாஸ்டிக் மட்காது, அழியாது என்று கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. எனவே அது மாறவும் மாறாது என்று பலரும் எண்ணுகிறோம். ஆலய முற்றத்தில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் நாற்காலியில் வயதான ஒருவர் அமர்ந்ததும் கால் முறிகிறது. "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது!" என்று வியக்கிறோம். உண்மையில் அந்த நாற்காலி பல காலமாகவே முதுமை அடைந்துகொண்டிருந்தது.

பிளாஸ்டிக் மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. 1920-இல் இக்கருத்தை எடுத்துரைத்த ஜெர்மானிய வேதியியலார் ஹெர்மான் ஸ்டாடிங்கரை அன்றைய அறிஞர் பலர் ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953-இல்தான். உருகிய நிலையில் இச்சங்கிலிகள் இடியாப்பம்போல் பின்னிக்கிடந்து அசைந்துகொண்டிருக்கும். அச்சில் செலுத்தி வேகமாகக் குளிர்விக்கும்போது, நெருங்கி அமைய நேரமில்லாமல் இருந்தபடியே உறைந்துவிடுகின்றன. இடையிடையே சிறு இடைவெளிகள் தங்கிவிடுகின்றன.

அதன் பிறகும் அவை சும்மா இருப்பதில்லை. படியில் கொட்டிய அரிசி தட்டத் தட்ட அடங்குவதுபோல, சங்கிலிகள் மெல்ல மெல்ல நெருங்குகின்றன. வெயிலே படாமல் அலமாரிக்குள் இருந்தாலும் இது நடக்கும். பொருளின் கன அளவு நூற்றில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. ஆயினும் அது விறைப்பாகி, வளையும் குணத்தை இழந்து, சட்டென உடையக்கூடியதாகிறது. இதன் வேகமும் விந்தையானது. 1-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாள்வரை எவ்வளவு மாற்றமோ, ஏறக்குறைய அதே அளவு மாற்றத்திற்கு அடுத்து 100-ஆம் நாள்வரை காத்திருக்க வேண்டும். அதற்கடுத்து 1000-ஆம் நாள்வரை. கண்ணாடிபோன்ற பாலிஸ்டைரீனில் இதைத் தெளிவாகக் காணலாம். அதை ஏறக்குறைய 100 டிகிரி செல்சியசுக்குமேல் சூடாக்கிக் குளிர்வித்தால், இந்த வகை முதுமை நீங்கிவிடும்! நமக்குக் கிடைக்காத வரம்தான்.

ஆனால் நம் நாற்காலியின் கதை வேறு. அது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீனால் ஆனது. அதில் ஒரு பகுதி ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகம், மீதி ஒழுங்கற்ற சிக்கல். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அந்தச் சிக்கலில் உள்ள சங்கிலிகளை வெட்டுகின்றன. வெட்டுப்பட்ட துண்டுகள் கட்டு தளர்ந்து, படிகங்களோடு சேர்ந்து அடுக்கிக்கொள்கின்றன. இதனால் மேற்பரப்பு மட்டும் சுருங்க, உள்ளே உள்ள பகுதி சுருங்காமல் நிற்க, மேலே நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. கையில் ஒட்டும் வெண்பொடி இதன் அடையாளம். அறுந்த சங்கிலியைச் சூடாக்கினாலும் அது மீண்டும் இணையாது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகள் பெரும்பாலும் கறுப்பாக இருப்பதும் இதற்காகத்தான். அவற்றில் கலந்துள்ள கரித்தூள் புற ஊதாக் கதிரை உள்ளே விடுவதில்லை.

செபப் புத்தகத்தின் பிவிசி உறை வேறு விதமாக முதுமையடைகிறது. அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் சிறிது சிறிதாக வெளியேறுவதால் உறை விறைத்துப்போகிறது. உறையோடு ஒட்டியிருந்த தாளின் எழுத்துகள் உறையில் பதிந்துவிடுவதும் அந்தப் பொருளின் வேலையே.

எனவே திருவிழாவுக்கு நாற்காலிகளை எடுத்துப் போடுமுன் ஒவ்வொன்றையும் கவிழ்த்து, கால்கள் இருக்கையோடு சேரும் இடத்தைப் பார்ப்போம். வெண்பொடியோ மயிரிழை விரிசலோ தெரிந்தால், அதில் யாரையும், குறிப்பாக முதியோரையும் கர்ப்பிணிகளையும், அமரவைக்க வேண்டாம். கம்பியால் கட்டிச் சரிசெய்வதும் பயன் தராது. வெட்டுப்பட்ட சங்கிலிகள் அந்த ஓரிடத்தில் மட்டும் இல்லை, வெயில் பட்ட மேற்பரப்பு முழுவதும் இருக்கின்றன. மீதமுள்ள நாற்காலிகளை வெயில் படாத கூரைக்குள் அடுக்கி வைத்தால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.