கண்டு மாற்றும் கருவிக்கு விளக்கம் எழுதுதல்: திருவனந்தபுரம் என்னும் பெயர்வழி ஒரு நோக்கு

கேரளத் தலைநகரின் ஆங்கிலப் பெயர் 1991ஆம் ஆண்டு அரசு ஆணையால் திருவனந்தபுரம் எனத் திருத்தப்பட்டது. அதற்கு முற்பட்ட தமிழ் எழுத்துகள் சிலவற்றில் ஆங்கில வழக்கை ஒட்டிய ‘டிரிவாண்ட்ரம்’ என்னும் வடிவத்தைக் காணலாம். அத்தகைய பனுவல் ஒன்றை மறுபதிப்பிற்கு ஆயத்தம் செய்பவர், பெயர்மாற்றப் பணியைச் செயற்கை நுண்ணறிவு முகவரிடம் ஒப்படைப்பதாகக் கொள்ளலாம். எளிய பணியாகத் தோன்றும் இது, கருவிக்கு எழுதப்படும் விளக்கத்தில் மொழியியலாருக்கு உள்ள பங்கினை நன்கு புலப்படுத்துகிறது.

முகவர் என்பது மொழிமாதிரியின் துணையால் இயங்கும் மென்பொருள். அது கோப்பினை நேரே திருத்துவதில்லை; அதற்கெனத் தரப்பட்ட கருவியை அழைத்துத் திருத்துகிறது. கருவிக்குக் கோப்பின் பெயர், பழைய எழுத்துத்தொடர், புதிய எழுத்துத்தொடர் ஆகிய மூன்றும் தரப்படல் வேண்டும். பழைய தொடர் இடைவெளியும் வரிமுறிவும் பிசகாமல் கோப்பில் உள்ளவாறே இருத்தல் வேண்டும் என்பதும், அது கோப்பில் ஓரிடத்தில் மட்டுமே வருதல் வேண்டும் என்பதும் இவ்வகைக் கருவிகளிற் பலவற்றின் விதிகள். பொருந்தவில்லையெனினும், பலவிடங்களிற் பொருந்தினும், மாற்றம் நிகழாது, பிழைச்செய்தி திரும்பும். எல்லா இடங்களிலும் ஒருசேர மாற்றும் வசதி சில கருவிகளில் உண்டு. இவை அனைத்தையும் முகவர் அறிவது கருவியுடன் இணைக்கப்படும் விளக்கவுரையால்தான். அவ்வுரை பெரும்பாலும் ஆங்கிலத்தையும் நிரல்மொழிகளையும் மனத்திற்கொண்டு எழுதப்படுகிறது.

‘டிரிவாண்ட்ரம்’ என்று தேடினால் எழுவாய் வடிவம் அகப்படும். ‘டிரிவாண்ட்ரத்தில்’, ‘டிரிவாண்ட்ரத்துக்கு’ முதலியன அகப்படா. மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வந்துவிடுகிறது. ‘டிரிவாண்ட்ரமும்’ என்பதும் தப்பிவிடும். கணினிக் குறியேற்றத்தில் மகரத்தை அடுத்துப் புள்ளிக்கு மாறாக உகரக்குறி நிற்பதே காரணம். எனவே ‘டிரிவாண்ட்ர’ என்னும் அடியைத் தேடித் ‘திருவனந்தபுர’ என்று மாற்றுவதே தக்கது. இரு பெயரும் மகர ஈற்றனவாதலின் உருபேற்ற வடிவங்கள் யாவும் செம்மையாக அமையும். இது நற்பேறேயன்றிப் பொதுவிதியன்று. 1996இல் பெயர் மாறிய மற்றொரு நகரை நோக்குக. ‘மெட்ராஸ’ என்னும் அடியைச் ‘சென்னை’ என மாற்றினால், ‘மெட்ராஸில்’ என்பதன் இகரக்குறி ஐகாரக்குறியின் பின் பற்றுக்கோடின்றித் தொங்கும். யகர உடம்படுமெய்யைக் கருவி தாராது.

சந்தியில் எழும் பிழை இதனினும் நுட்பமானது. ‘அவரை டிரிவாண்ட்ரத்துக்கு அனுப்பினர்’ என்னும் தொடரில் வல்லெழுத்து மிகவில்லை. பெயரை மாற்றியதும் ‘அவரைத் திருவனந்தபுரத்துக்கு’ எனத் தகரம் மிக வேண்டும். பிழை நேர்வது மாற்றிய சொல்லில் அன்று, அதற்கு முன்னுள்ள, எவரும் தொடாத சொல்லில். கருவி வெற்றி என்றே அறிவிக்கும்; முகவரும் அடுத்த பணிக்குச் சென்றுவிடும். நூறு பக்கங்களில் இங்ஙனம் நேர்ந்த பிழைகளை மெய்ப்புத் திருத்துவோர் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும். பழைய தொடர் ஓரிடத்தில் மட்டுமே வருதல் வேண்டும் என்னும் விதி இங்கு எதிர்பாராத வகையில் துணைசெய்கிறது. அவ்விதியை நிறைவு செய்யச் சூழலையும் சேர்த்துத் தர வேண்டும். அச்சூழலாக முன்சொல்லைச் சேர்த்து, ‘அவரை டிரிவாண்ட்ரத்’ என்பதை ‘அவரைத் திருவனந்தபுரத்’ என மாற்றுமாறு விளக்கவுரை பணிக்குமாயின் இடமும் தெளிவாகும், சந்தியும் திருந்தும். ஒருசேர மாற்றும் வசதிக்கு இப்பயன் இல்லை.

‘உள்ளவாறே’ என்னும் சொல்லும் விளக்கம் வேண்டுவது. ‘கௌரவம்’ என்பதன் ஔகாரக்குறியைச் சிலர் எகரக்குறியும் ளகரமுமாகத் தட்டெழுதுவர். அச்சில் வேறுபாடு தோன்றாது, தேடலிற் பொருந்தாது. ‘கொ’ என்பதன் ஒகரக்குறியை ஒரு குறியாகவோ, எகரக்குறியும் காலுமாக இரு குறிகளாகவோ இடலாம். ஒருங்குறியின் இயல்பாக்க நெறி இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும். மலையாளத்தில் அத்தகைய பாதுகாப்பும் இல்லை. ‘அவன்’ என்னும் மலையாளச் சொல்லின் இறுதிச் சில்லெழுத்து, முன்னர் மெய்யும் சந்திரக்கலையும் கண்ணுக்குப் புலனாகாத இணைப்புக்குறியும் சேர்ந்து குறிக்கப்பட்டது. 2008இல் வெளிவந்த ஒருங்குறி 5.1 பதிப்பு சில்லுகள் ஆறனுக்குத் தனிக்குறிகள் வழங்கியது. பழைய, புதிய முறைகளை இயல்பாக்கம் ஒன்றாக்குவதில்லை. ஆகவே 2008க்கு முற்பட்ட மலையாளக் கோப்பிலிருந்து பெயர்ப்போர்க்குக் கருவி ‘இல்லை’ என விடை தருமாயின், சொல் இல்லையென்பது அதன் பொருளன்று. 1971ஆம் ஆண்டு மலையாள எழுத்துச் சீர்திருத்தம் இத்தகைய இடரைத் தரவில்லை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. அது கூட்டெழுத்தின் தோற்றத்தையே மாற்றியது. பழைய, புதிய தோற்றங்களுக்குக் கணினியில் பெரும்பாலும் குறியேற்றம் ஒன்றே.

கேரளப் பல்கலைக்கழகம் 1962இல் வெளியிட்ட வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு போன்ற பணிகளில், சந்தி பிரித்துச் சொல்லின் எல்லையைத் துணிந்தவர் அடைவாசிரியரே. இன்று அத்துணிபு முகவரிடம் விடப்படுகிறது. ஆதலின் விளக்கவுரை சில செய்திகளை வெளிப்படையாகக் கூறல் வேண்டும்: தேடுமுன் கோப்பினை இயல்பாக்குதல், எழுவாய் வடிவை விடுத்து அடியைத் தேடுதல், முன்சொல்லைச் சேர்த்து மாற்றுதல், மாற்றியபின் அத்தொடர் முழுவதையும் மீண்டும் படித்தல். மேற்கோள்களிலும், 1991க்கு முற்பட்ட நூல்களின் பதிப்பிடக் குறிப்பிலும் வரும் ‘டிரிவாண்ட்ரம்’ மாற்றத்திற்கு உரியதன்று என்பதையும் அதில் சேர்த்தல் வேண்டும்.