விசைமூடியில் மூன்று சுழி

இயந்திர விசைப்பலகை ஆர்வலர்களுக்கு விசைமூடி ஓர் அணிகலன். பழையதைக் கழற்றிவிட்டு, விரும்பிய நிறத்திலும் எழுத்திலும் புதியதைப் பொருத்திக்கொள்ளலாம். அத்தகைய தொகுதியைத் தமிழில் வடிவமைப்போர் எழுத்தின் அளவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

இரு விசைகளின் மையங்களுக்கு இடையே 19.05 மில்லிமீட்டர்தான். மூடி மேலே குறுகுவதால் விரல்படும் பரப்பு இன்னும் சிறியது. அங்கும் ஆங்கில எழுத்து பெரிதாக அமர்ந்துகொள்ள, தமிழ் எழுத்து மூலைக்குப் போகிறது. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் ன, ட, ண மூன்றும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டு சுழி ‘ன’வுக்கும் மூன்று சுழி ‘ண’வுக்கும் வேறுபாடு ஒரே சுழி, மூலையில் சுருங்கும்போது அது மறைந்துவிடும்.

தயாரிப்பு முறையும் இதில் குறுக்கிடுகிறது. இரு பிளாஸ்டிக்குகளை வார்த்துச் செய்யும் மூடியில் எழுத்து தேயாது. ஆனால், ஒவ்வோர் எழுத்துக்கும் தனி அச்சு வேண்டும், செலவு மிகுதி. சிறு எண்ணிக்கைக்கு ஏற்றது, வெப்பத்தால் சாயத்தை பிளாஸ்டிக்கில் ஊறச்செய்யும் முறை. சாயம் சற்றே கசிந்தாலும் சிறு சுழிகள் அடைபடும்.

எனவே, புத்தக எழுத்துருவை அப்படியே சுருக்கக் கூடாது. கோட்டை மெலிதாக்கி, சுழிகளை அகலமாக்கிப் புதிதாக வரைய வேண்டும். தமிழை நடுவில் வைத்து, ஆங்கிலத்தை மூடியின் முன்பக்கச் சரிவுக்கு அனுப்பலாம். (ஆங்கில எழுத்து தெரியாதே என்று கவலைப்படுவோரில் பலர் விசையைப் பார்க்காமலே தட்டச்சு செய்பவர்கள்!) அச்சுக்கு அனுப்புமுன் உண்மையான அளவில் தாளில் எடுத்து, தமிழ்99 அறியாத ஒருவரிடம் ‘ண’ எங்கே என்று கேளுங்கள். விரல் ‘ன’வின் மேல் தயங்கினால் மீண்டும் வரையுங்கள்.