பாட்டரியைக் குடிக்கும் இருதயத் துடிப்பு! மல்லி விலை மாதிரி சொன்னால் மிச்சம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருந்து வெளியூர்க் கடைக்காரருக்குப் போன் போகிறது. "மல்லி நேத்து விலைதான். பிச்சி மட்டும் அம்பது கூட!" அவ்வளவுதான் பேச்சு. பட்டியல் முழுக்க ஒப்பிப்பது கிடையாது.

நோயாளியின் நெஞ்சில் ஒட்டும் வயர் இல்லாத இ.சி.ஜி. கருவிக்கும் இதே தந்திரம்தான்.

கொரோனா காலத்தில், 2020-ல், சென்னை ஐ.ஐ.டி.யும் ஹெலிக்சன் கம்பெனியும் விரலில் மாட்டும் கருவியைக் கொண்டுவந்தன. உடல் சூடு, ஆக்சிஜன், மூச்சு, நாடி நான்கும் செல்போனுக்குப் போகும். இவை சின்ன எண்கள். இ.சி.ஜி. அப்படியல்ல. வினாடிக்கு 360 முறை அளந்தால் ஒரு நாளைக்கு 3 கோடியே 11 லட்சம் எண்கள்! பாட்டரியை அதிகம் குடிப்பது கணக்குப் போடும் சிப் அல்ல, அனுப்புகிற ரேடியோதான். பாட்டரி நடுராத்திரியில் தீர்ந்தால், துடிப்பு தடுமாறினாலும் யாருக்கும் தெரியாது.

அதனால் போன அளவுக்கும் இந்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சுருக்கி அனுப்புகிறார்கள். மீதி நேரம் ரேடியோ தூங்கும். இதில் ஒரு புள்ளியும் தொலையாது.

இன்னும் மிச்சம் பிடிக்க, சின்ன வளைவுகளை வெட்டிவிடும் முறைகளும் உண்டு. வம்பு அங்கேதான். 'பி' என்ற சின்ன மேடு காணாமல் போவது ஒரு வகைத் துடிப்புக் கோளாறின் அடையாளம். சுருக்குகிறேன் என்று கருவியே அந்த மேட்டை மழித்துவிட்டால்? இல்லாத கோளாறுக்கு டாக்டர் மருந்து எழுதிக் கொண்டிருப்பார்.